யார் பெயரில் இந்தக் கடை?

எடிசன், ஃப்ரீமான்ட், ஃப்ரிஸ்கோ என்று ஊர் ஊராகத் தமிழ் வீடுகளின் டைனிங் டேபிளில் கார்டு வியாபாரம் தொடங்குகிறது. லாபக் கணக்குக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

1960-ஆம் ஆண்டு. நியூ ஜெர்சி கரையை விட்டு அட்லாண்டிக் கடலுக்குள் போகிறது குப்பை ஏற்றும் ஒரு பார்ஜ். அதில் இருப்பது குப்பை அல்ல. பெட்டி பெட்டியாகப் புத்தம் புதிய பேஸ்பால் கார்டுகள். அவற்றைக் கடலில் கொட்ட ஏற்பாடு செய்தவர் டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தக் கார்டுகளை வடிவமைத்தவரும் அவரேதான். 1952 தொகுப்பின் கடைசி வரிசை கடைகளுக்கு வந்தபோது பேஸ்பால் சீசன் முடியும் நேரம். பிள்ளைகளின் கவனம் ஃபுட்பால் பக்கம் திரும்பிவிட்டது. கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த சரக்கை ஒரு பென்னிக்குப் பத்து என்று திருவிழாக் கடைக்காரர்களிடம்கூடத் தள்ளிப் பார்த்தார். போகவில்லை. மிச்சம் கடலுக்குப் போனது.

அந்த வரிசையில்தான் மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டு இருந்தது. கடலுக்குத் தப்பிய அதே கார்டு ஒன்றை 2022 ஆகஸ்டில் டாலஸ் நகரின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. விற்கக் கொடுத்தவர் ஒரு நியூ ஜெர்சிக்காரர். 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கி, 31 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தவர்.

இந்தச் செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும்போது ஒரு துண்டு எப்போதும் விடுபட்டுப் போகிறது. 1991-ல் அந்தக் கார்டை அவருக்கு விற்றவர் ஆலன் ரோசன். ‘மிஸ்டர் மின்ட்’ என்று கார்டு உலகம் கொண்டாடிய நியூ ஜெர்சி வியாபாரி. அவர் அதை வாங்கிய விலை 40,000 டாலர். ஆக, வாங்கி விற்றவருக்குக் கிடைத்தது பத்தாயிரம். கோடி கிடைத்தது வாங்கி வைத்துக்கொண்டவருக்கு. இன்று ஈபேயில் கணக்குத் தொடங்கும் நம்மவர்களில் பலர் இரண்டாமவரை மனதில் வைத்துக்கொண்டு முதலாமவரின் தொழிலில் இறங்குகிறார்கள். அது கெட்ட தொழில் இல்லை. ஆனால் வேறு தொழில்.

மேஜைக்கு வந்த கடை

எடிசனிலோ ஐஸ்லினிலோ ஓர் அடுக்கக வீடு. இரவு பத்து மணி. சாப்பிட்ட தட்டுகளை எடுத்த இடத்தில் ஒரு துணியை விரித்து, மெல்லிய பிளாஸ்டிக் உறையான பென்னி ஸ்லீவ், விறைப்பான டாப் லோடர், நீல நிற டேப், சின்னத் தராசு எல்லாம் கடை பரப்பியிருக்கும். பள்ளிக்கூடப் பையன் கார்டின் மூலைகளை விளக்கில் சாய்த்துப் பார்த்து வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று சொல்ல, அம்மா போட்டோ எடுத்து விலை போட்டுக்கொண்டிருப்பார். சன்னிவேலிலும் டப்ளினிலும் இர்விங்கிலும் பிளேனோவிலும் இன்று இது சாதாரணக் காட்சி. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்குக் ‘கார்டு வியாபாரம்’ என்றதும் சீட்டுக்கட்டு நினைவுக்கு வந்து திக்கென்றிருக்கும். அப்பாக்களுக்கு அந்தக் கவலை இல்லை. சிவகாசித் தீப்பெட்டிப் படங்களையும் டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டுகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வளர்ந்த தலைமுறை அது. இரண்டு கொடுத்து ஒன்று வாங்கும் பேரத்தை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைக்கு வந்திருக்கும் சரக்கு பெரும்பாலும் போகிமான். 1996 அக்டோபரில் ஜப்பானில் வந்த அந்தக் கார்டு விளையாட்டு 1999 ஜனவரியில் அமெரிக்காவில் இறங்கியது. 2025 மார்ச் வரை உலகெங்கும் அச்சானவை 7,500 கோடிக்கும் மேல். கொரோனாவில் வீட்டில் அடைபட்ட மக்கள் பழைய பெட்டிகளைத் திறந்ததும் சந்தை பற்றிக்கொண்டது. 2020-ல் அமெரிக்காவில் கார்டு விற்பனை 142 சதவீதம் கூடியதாக ஈபே அறிவித்தது. 2021-ன் முதல் ஆறு மாதத்திலேயே 200 கோடி டாலர் விற்பனை. அது முந்தைய ஆண்டு முழுவதற்கும் சமம்.

தமிழர்கள் அதிகம் குடியேறிய மூன்று பகுதிகளில்தான் இந்தத் தொழிலின் உறுப்புகளும் பிரிந்து கிடக்கின்றன. ஈபேயின் தலைமையகம் சான் ஹோசே. பெரிய ஏலங்களை நடத்தும் கோல்டின் நிறுவனம் வளர்ந்தது நியூ ஜெர்சியின் ரன்னமீட் ஊரில்; 2024-ல் அதையும் ஈபே வாங்கிவிட்டது. கார்டின் தரத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ கலிஃபோர்னியாவில் பிறந்து ஜெர்சி சிட்டியிலும் கிளை விரித்திருக்கிறது. கார்டுகளுக்கு விலைப்பட்டியல் என்ற ஒன்றை 1979-ல் நூலாக்கி, 1984-ல் மாத இதழாகவும் கொண்டுவந்த புள்ளியியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெக்கெட் டாலஸ்காரர்.

இருபது டாலர் கார்டில் மிஞ்சுவது

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கார்டை 14 டாலருக்கு வாங்கி ஈபேயில் 20 டாலருக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் வாங்குபவர் 6.625 சதவீத விற்பனை வரியும் சேர்த்து 21 டாலர் 33 சென்ட் கட்டுகிறார். அந்த வரியை ஈபேயே வசூலித்து மாநிலத்துக்குக் கட்டிவிடும். ஆனால் ஈபேயின் கமிஷன், சுமார் 13 சதவீதம், வரியும் சேர்ந்த மொத்தத் தொகையின் மேல்தான் விழுகிறது. ஆர்டருக்கான சில்லறைக் கட்டணத்தையும் கூட்டினால் மூன்று டாலர் சொச்சம். உறை, டாப் லோடர், தபால் செலவு ஒரு டாலர். கையில் நிற்பது ஏறக்குறைய 15 டாலர் 80 சென்ட். வாங்கிய 14 போக, லாபம் ஒரு டாலர் எண்பது.

மாதம் 500 டாலர் வேண்டுமென்றால் இப்படி ஏறத்தாழ 280 கார்டுகள் விற்க வேண்டும். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, நிலை எழுதி, உறையிலிட்டு, தபாலில் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்காமலும் இருக்க வேண்டும். தபாலில் தொலைந்த ஒரு கார்டு எட்டுக்கும் மேற்பட்ட கார்டுகளின் லாபத்தை விழுங்கிவிடும்.

லாபம் விற்கும் இடத்தில் இல்லை. வாங்கும் இடத்தில் இருக்கிறது. இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் புதுப் பாக்கெட்டைக் கிழித்து அதிர்ஷ்டம் பார்ப்பதில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளை விட்டுச்சென்ற பெட்டியை, வீடு மாறும் குடும்பத்தின் ஆல்பத்தை மொத்தமாக விலை பேசி, பிரித்து, தரம் பார்த்துச் சில்லறையாக விற்கிறார்கள். பேரம் பேசும் முன் அவர்கள் பார்ப்பது ஈபேயில் ‘விற்று முடிந்த’ விலையை. கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம்.

தரச்சான்று இன்னொரு கணக்கு. பிஎஸ்ஏவுக்கு ஒரு கார்டு அனுப்ப 20 டாலருக்கு மேல் ஆகிறது. பத்துக்குப் பத்து வந்தால் விலை பல மடங்கு. ஒன்பது வந்தால் பல கார்டுகளில் கட்டணம்கூடத் திரும்பாது. 2021 மார்ச்சில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கார்டுகள் குவிந்துபோய், பிஎஸ்ஏ தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. அன்று பணத்தைப் போட்டு அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்குக் கார்டு திரும்பியபோது சந்தை இறங்கியிருந்தது.

[பெட்டிச் செய்தி] ஏறியதும் இறங்கியதும்

மைக்கேல் ஜோர்டனின் 1986 ஃப்ளீர் கார்டு, பிஎஸ்ஏ 10: 2021 ஜனவரியில் கோல்டின் ஏலத்தில் 7,38,000 டாலர். 2022-ல் அதே தரக் கார்டு 2 லட்சம் டாலர் அளவுக்கு வந்துவிட்டது.

போகிமானின் 1999 முதல் பதிப்பு சாரிசார்ட் கார்டு, பிஎஸ்ஏ 10: 2022 மார்ச்சில் 4,20,000 டாலர்.

யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய ‘முத்திரை பிரியாத’ போகிமான் பெட்டி: 2022 ஜனவரியில் திறந்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ கார்டுகள்.

1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அளவில்லாமல் அச்சான பேஸ்பால் கார்டுகள்: பெரும்பாலானவை இன்றும் சில சென்ட்தான். அந்தக் காலத்துக்கே ‘ஜங்க் வேக்ஸ்’ என்று பெயர் விழுந்தது.

யார் பெயரில்?

இதுவரை சொன்னது எந்த அமெரிக்கக் குடும்பத்துக்கும் பொருந்தும். இனி வருவது நமக்கு.

ஈபேயில் விற்பனையாளராக இருக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே 13 வயதுப் பையன் தொடங்க நினைக்கும் கடை அப்பாவின் கணக்கில் தொடங்குகிறது. அப்பாவின் சோஷியல் செக்யூரிட்டி எண், அப்பாவின் வங்கிக் கணக்கு. அப்பா எச்-1பி விசாவில் இருந்தால் சிக்கல் அங்கேயே முளைத்துவிடுகிறது. எச்-1பி என்பது மனுப்போட்ட நிறுவனத்தில், மனுவில் சொன்ன வேலையைச் செய்ய மட்டும் கொடுத்த அனுமதி. வாங்கி விற்று லாபம் பார்க்கும் கடையை நடத்துவது அந்த அனுமதிக்குள் வராது. ‘சும்மா பொழுதுபோக்குதானே’ என்ற பதில், மாதம் இருநூறு ஆர்டர் அனுப்புகிறவருக்கு உதவாது. எஃப்-1 மாணவருக்கும் இதே நிலைதான். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தில், அனுமதி இல்லாமல் எப்போதாவது வேலை செய்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது.

சொந்தச் சேகரிப்பை விற்பது வேறு. தனக்காக வாங்கி, ஆண்டுக்கணக்கில் ஆல்பத்தில் வைத்திருந்ததை எப்போதோ விற்றால் அது உடைமையை விற்பது. லாபம் வந்தால் அதற்கான வரி உண்டு, அவ்வளவுதான். விற்பதற்கென்றே திரும்பத் திரும்ப வாங்கத் தொடங்கும்போது அது கடையாகிறது. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுக் காட்டும் பலகை எதுவும் இல்லை. அதனால்தான் சந்தேகம் வந்த அன்றே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுவது, வாங்கும் எந்தக் கார்டையும்விட நல்ல முதலீடு.

வீட்டில் வழி இருக்கலாம். 2015 மே 26 முதல், கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்ட எச்-1பி ஊழியரின் கணவன் அல்லது மனைவி எச்-4 ஈஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டையைப் பெறலாம். அந்த அனுமதி எந்த ஒரு முதலாளியோடும் கட்டிப்போடப்பட்டதல்ல, சுயதொழிலும் செய்யலாம். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பொறியியல் படித்து, வேலை பார்த்து, எச்-4-ல் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நேர்ந்த பெண்கள் எத்தனையோ பேர். வீட்டிலிருந்தபடி, பிள்ளைகளின் பள்ளி நேரத்துக்குள், சிறு முதலில் நடத்தக்கூடிய இணையக் கடை அவர்களுக்கு வெறும் சில்லறை வருமானம் இல்லை. தன் பெயரில் ஒரு கணக்கு, தன் பெயரில் ஒரு வரிப்படிவம், ஆண்டுகளாக நின்றுபோயிருந்த ஒரு தொழில் வாழ்க்கையின் மறு தொடக்கம்.

ஆகவே கடை அம்மாவின் பெயரில் இருக்க வேண்டும். பெயரளவில் அல்ல, நிஜமாகவே. ஈபே கணக்கும் வங்கிக் கணக்கும் அவருடையதாக, தினசரி வேலை அவர் கையில். எச்-1பி கணவர் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஆர்டர் அனுப்பிக்கொண்டிருந்தால் பெயர் மாற்றம் காகிதத்தில் மட்டும்தான்.

[பெட்டிச் செய்தி] மூன்று மாநிலம், மூன்று கணக்கு

நியூ ஜெர்சி: எல்எல்சி பதிவு 125 டாலர், ஆண்டறிக்கை 75 டாலர். சரக்கு வாங்கும்போது விற்பனை வரி கட்டாமலிருக்க எஸ்டி-3 மறுவிற்பனைச் சான்று.

கலிஃபோர்னியா: விற்பனையாளர் பெர்மிட் இலவசம். எல்எல்சி தொடங்கினால் விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் வரி. சின்னக் கடைக்குத் தனிநபர் தொழிலாகவே இருப்பது சிக்கனம்.

டெக்ஸஸ்: மாநில வருமான வரி கிடையாது. விற்பனை வரி பெர்மிட் இலவசம். எல்எல்சி பதிவு 300 டாலர். உள்ளூர் வரியும் சேர்ந்து விற்பனை வரி 8.25 சதவீதம் வரை.

ஜனவரியில் வரும் தபால்

ஆன்லைன் சந்தைகள் தங்கள் விற்பனையாளர்களின் வசூலை 1099-கே என்ற படிவத்தில் ஐஆர்எஸ்ஸுக்குச் சொல்கின்றன. 2021-ல் வந்த சட்டம் இதற்கான வரம்பை 600 டாலராகக் குறைத்து, அது ஆண்டுதோறும் தள்ளிப்போய், கடைசியில் 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் பழைய வரம்பையே திருப்பிக் கொண்டுவந்தது: 20,000 டாலருக்கு மேல் வசூல், 200-க்கு மேல் விற்பனை. ஊரெல்லாம் நிம்மதி. ஆனால் நியூ ஜெர்சி தன் மாநிலத்துக்கென்று வைத்திருக்கும் வரம்பு 1,000 டாலர்தான். எடிசன் வீட்டுக்கு வரும் படிவம் ஃப்ரிஸ்கோ வீட்டுக்கு வராமல் போகலாம். படிவம் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டும் கடமை இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். சுயதொழிலில் நிகர லாபம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டாலே 15.3 சதவீத சுயதொழில் வரிக் கணக்கு தொடங்கிவிடுகிறது. வருமான வரி அதற்கு மேல்.

முதல் ஆண்டு விற்பனையாளர்களைப் படிவத்தில் இருக்கும் எண் கலங்கடிக்கிறது. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 280 கார்டு, ஒவ்வொன்றும் 20 டாலர். ஆண்டு வசூல் 67,200 டாலர். 1099-கே சொல்லப்போவது அந்தத் தொகையைத்தான். உண்மையில் வீட்டுக்கு வந்தது ஆறாயிரம். நடுவில் இருக்கும் 61,000 டாலர் செலவு என்று நிரூபிக்க வேண்டியவர் விற்பனையாளர். ஒருவருடைய கராஜில் ரொக்கம் கொடுத்து வாங்கிய பெட்டிக்கு ரசீது எங்கே? தேதி, தொகை, எத்தனை கார்டு என்று அன்றே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு துண்டுத்தாள் அந்த நேரத்தில் தங்கம். எச்-1பி அப்பாவின் எண்ணில் இந்தப் படிவம் வந்துவிட்டால் நெருக்கடி இரட்டிப்பு. தொழில் வருமானமாகக் காட்டினால் விசாவுக்கு எதிரான சாட்சியத்தைத் தானே எழுதிக் கொடுத்ததாகிறது. மறைத்தால் வரிக் குற்றம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள், பலர் கவனிக்காதவை. வீட்டுக் காப்பீடுகள் பெரும்பாலும் வியாபாரச் சரக்குக்கு மிகக் குறைந்த வரம்பே வைத்திருக்கின்றன. அலமாரியில் பத்தாயிரம் டாலர் கார்டு எரிந்துபோனால் முழுத்தொகை வராது. ஜப்பானிலிருந்து கார்டு வரவழைத்து விற்றவர்களுக்கு, 800 டாலருக்குக் கீழான பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் முடிந்தது. பழைய விலைக்கணக்கை அப்படியே வைத்திருந்தவர்களின் லாபம் அங்கேயே கரைந்தது.

காலி அலமாரி

2021 மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் ஒரு டார்கெட் கடை வாசலில் கார்டு வாங்கி வந்தவரை நாலு பேர் தாக்கினார்கள். அவர் துப்பாக்கியை எடுத்தார். சுடவில்லை என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஒரு வாரத்துக்குள் டார்கெட் தன் கடைகளில் விளையாட்டுக் கார்டுகளையும் போகிமானையும் வைப்பதையே நிறுத்தியது. பிறகு திரும்பி வந்தன. நெரிசலும் திரும்பி வந்தது. 2025 ஜனவரியில் ‘பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ்’ தொகுப்பு வெளியானபோது வந்த வேகத்தில் கடைகளில் தீர்ந்துபோய், தட்டுப்பாட்டை ஒப்புக்கொண்டு கூடுதலாக அச்சிடுவதாக போகிமான் கம்பெனியே அறிவிக்க வேண்டியிருந்தது.

பாக்கெட்டுக்குக் கம்பெனி பரிந்துரைக்கும் விலை நாலரை டாலர் அளவு. விடிகாலையில் வரிசையில் நின்று அலமாரியை மொத்தமாக வழித்து எடுத்து, அன்று மாலையே இரு மடங்கு விலைக்கு ஏற்றுவதும் மறுவிற்பனைதான். சட்டப்படி தவறில்லை. ஆனால் அதை யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். பாட்டி கொடுத்த ஐந்து டாலரை வைத்துக்கொண்டு அந்த அலமாரிக்கு வரும் ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து. வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் நம் பிள்ளைகள் மாற்றிக்கொள்வதும் இதே கார்டுகளைத்தான். சின்னப் பிள்ளைகள் சலித்து விலகிய ஆட்டத்தில் பெரியவர்களுக்கு மட்டும் சந்தை நீடிப்பது கடினம். 90-களின் பேஸ்பால் கார்டுகள் கராஜ்களில் மக்கிக்கொண்டிருப்பதற்கு அளவுமீறிய அச்சு ஒரு காரணம்; ‘இது முதலீடு’ என்று வாங்கியவர்கள் ‘இது எனக்குப் பிடிக்கும்’ என்று வாங்கியவர்களைவிட அதிகமாகிப்போனது இன்னொரு காரணம்.

பழைய சேகரிப்பை நியாய விலைக்கு வாங்கி, தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் சேர்க்கும் வியாபாரி செய்வது உண்மையான சேவை. எங்கோ டெக்ஸஸ் அலமாரியில் கிடந்த கார்டு கலிஃபோர்னியாவில் ஒரு பிள்ளையின் தொகுப்பை முழுமையாக்குகிறது. இந்த இரண்டு தொழிலுக்கும் ஈபேயில் ஒரே பெயர்தான். வீட்டில் பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்வது இரண்டில் எது என்பதைப் பெற்றோர்தான் தீர்மானிக்கிறார்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தேதி

கடை அம்மாவின் பெயரில், கணக்கு நோட்டு சரியாக, சரக்கு நியாயமாக. அதற்குப் பிறகும் ஒரு தேதி மிரட்டுகிறது. எச்-4 ஈஏடி காலக்கெடு உள்ள அட்டை. புதுப்பிக்க மனுப்போட்டுவிட்டால், தகுதியுள்ளவர்களுக்குப் பழைய அட்டை 540 நாள் வரை தானாக நீளும் வசதி இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு அது இல்லை. புதிய அட்டை கைக்கு வரும் முன் பழையது காலாவதியானால், அன்றிலிருந்து கடை மூடியிருக்க வேண்டும். ஈபேயில் பட்டியலை மறைத்துவைக்கலாம். வாங்கி வைத்த சரக்கு அலமாரியில் தூங்கும். விலை அதற்காகக் காத்திருக்காது.

இந்தியர்களின் ஈபி-2 கிரீன் கார்டு வரிசை 2025-ன் பெரும்பகுதியிலும் 2012-லும் 2013-ன் தொடக்கத்திலும் மனுப்போட்டவர்களிடமே நின்றுகொண்டிருந்தது. அந்த வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு ஈஏடி புதுப்பித்தல் ஒரு முறை வந்து போகும் வேலை அல்ல; கடை இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். மனுவை 180 நாள் முன்னதாகப் போடலாம். கார்டு சந்தை சூடுபிடிக்கும் நவம்பர் கடைசியில் அட்டை முடிகிறதென்றால், மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ படிவம் தபாலில் போயிருக்க வேண்டும்.